முள் காட்டும் வழி

கண்ணுக்குப் புலனாகாதவற்றை அறியும் பொருட்டு மனிதன் கருவிகளை அமைத்தான். உடலின் காய்ச்சலை வெப்பமானி உரைக்கின்றது. காற்றின் அழுத்தத்தைப் பாரமானி உரைக்கின்றது. அவ்வாறே மோட்டார் வண்டியின் முகப்புப் பலகையில் உள்ள முட்கள், தொட்டியில் எஞ்சிய பெட்ரோலையும், எந்திரத்தைக் குளிர்விக்கும் நீரின் வெப்பத்தையும் ஓட்டுநருக்கு உணர்த்துகின்றன. இம்முட்கள் என்றும் மெய்யே கூறுமா? பொய் கூறின், அப்பொய்க்குக் காரணம் யாது?

கல்கத்தாவையடுத்த உத்தரபாராவில் 1950களின் இறுதியிலிருந்து 2014 வரை அம்பாசிடர் கார்கள் உருவாயின. சென்னையையடுத்த தொழிற்சாலையில் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்கள் உருவாயின. இத்தகைய பழைய வண்டிகளை இன்றும் போற்றி வைத்திருப்போர் உளர். புதிய வண்டிகளில் கணிப்பொறி செய்யும் பணியைப் பழைய வண்டிகளில் கம்பிகளும் திருகாணிகளுமே செய்கின்றன. ஆதலின், பொறுமையுடையோர் அவற்றின் பழுதைத் தாமே தேடிக் காணலாம்.

மின்சாரம் வட்டமாகச் சுற்றிவரும் இயல்புடையது. பாட்டரியின் ஒரு முனையிலிருந்து புறப்பட்டுக் கருவியை அடைந்து, மறுமுனைக்கு அது திரும்புதல் வேண்டும். வண்டியில் திரும்பும் வழிக்குப் பெரும்பாலும் தனிக் கம்பி இல்லை. வண்டியின் இரும்பு உடலே அவ்வழியாகும். பட்டறையில் இதனை ‘எர்த்து’ என்பர். இவ்வழியில் தடை மிகுந்தால் கருவிக்குச் சேரும் மின்னழுத்தம் குறையும். இவ்வுண்மைக்கு அடிப்படையான விதியை ஜெர்மானிய அறிஞர் ஜார்ஜ் சைமன் ஓம் 1827 இல் வெளியிட்டார். 4 ஆம்பியர் மின்சாரம் செல்லும் வழியில் அரை ஓம் தடை புகுந்தால் 2 வோல்ட்டு வீணாகும். 12 வோல்ட்டு பெறவேண்டிய விளக்கு 10 வோல்ட்டே பெற்று மங்கும்.

இத்தடை எங்கிருந்து வருகின்றது? வங்கக் கடலை அடுத்துள்ள கடலூரில் காற்று ஈரமும் உப்பும் கலந்து வீசுகின்றது. உப்பு ஈரத்தை ஈர்த்துப் பற்றிக்கொள்ளும். அதனால் இரும்பில் துருவேறும், செம்பில் களிம்பேறும். கம்பி அறுபடவில்லை, திருகாணியும் கழன்றுவிடவில்லை. ஆயினும், அவற்றினிடையே படர்ந்த துரு மின்சாரத்தின் வழியை அடைத்துவிடுகின்றது.

சிதம்பரத்தில் வாழும் ஒருவர் பழைய கார் ஒன்றை வைத்திருக்கின்றார் எனக் கொள்க. வண்டியின் வெப்பமுள் சில நாட்களாக மிகுந்த சூட்டைக் காட்டிற்று. எந்திரம் ஆறிய பின் ரேடியேட்டரைத் திறந்து பார்த்தார், நீர் குறையவில்லை. முள்ளே பழுதுற்றது என எண்ணிப் புதிய மானியை வாங்கிப் பொருத்தினார். அதுவும் சூட்டையே காட்டிற்று. பெட்ரோல் முள்ளோ தொட்டி பாதிக்குமேல் நிறைந்திருப்பதாகக் காட்டியது. அதனை அவர் ஐயுறவில்லை.

ஒரு நாள் விடியற்காலையில், கடலூரில் தேர்வெழுத வேண்டிய மகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். வண்டி வெள்ளாற்றைக் கடந்து, புதுச்சத்திரத்தையும் கடந்தது. ஆலப்பாக்கத்தின் அருகே நின்றுவிட்டது. தொட்டியில் ஒரு துளி பெட்ரோலும் இல்லை! முள் மட்டும் பாதியில் நின்றது. மகள் பேருந்தேறி விரைந்தாள். மணி அடிக்கும் வேளையில்தான் தேர்வுக்கூடத்தை அடைந்தாள்.

கடலூர்ப் பட்டறையில் பழுது பார்ப்பவர் மானிகளைக் கழற்றவில்லை. “இரண்டு முட்களும் ஒருங்கே மிகையாகக் காட்டினவா?” என்று மட்டும் வினவினார். அக்காலத்து வண்டிகள் பலவற்றில் இவ்விரு மானிகளுக்கும் மின்சாரத்தை அளந்து கொடுக்கும் சிறு கருவி ஒன்று உண்டு. வெப்பத்தால் வளையும் இரட்டை உலோகத் தகடு அதனுள் உள்ளது. அது மின்சாரத்தை விட்டுவிட்டுச் செலுத்திச் சராசரி 10 வோல்ட்டாக நிறுத்தும். தகட்டைச் சூடேற்றும் சுருள் தன் வேலையைச் செய்ய எர்த்து வேண்டும். எர்த்து அற்றால் தகடு வளையாது. முழு மின்னழுத்தமும் பாய்ந்து இரண்டு முட்களும் மிகையாக எழும்.

அவர் சோதனை விளக்கு ஒன்றை அக்கருவியில் இணைத்தார். விட்டுவிட்டு எரிய வேண்டிய விளக்கு இடையறாது எரிந்தது. பின்னர்க் கருவியின் கூட்டையும் வண்டியின் துருவற்ற பகுதியையும் ஒரு கம்பியால் இணைத்தார். சிறிது நேரத்தில் விளக்கு விட்டுவிட்டு எரியத் தொடங்கிற்று. “ஐயா, மானிகள் இரண்டும் குற்றமற்றவை, துருவேறிய இத்திருகாணியே பகை” என்று கூறி, உப்புத்தாளால் அவ்விடத்தைத் தேய்த்துத் துலக்கி இறுக்கினார். முட்கள் மெய்யுரைத்தன.

பழுதைத் தேடுவோர் கொள்ளத்தக்க முறை இதுவே. இரண்டு முட்களும் ஒருங்கே பிழைத்தால், இரண்டிற்கும் பொதுவான இடத்தை முதலில் நோக்குக. ஒன்று மட்டும் பிழைத்தால், அதற்கே உரிய உணர்கருவியையும் கம்பியையும் நோக்குக. முகப்பு விளக்கை ஏற்றும்போது முள்ளும் அசைந்தால், இரண்டிற்கும் பொதுவான எர்த்து கெட்டது என ஐயுறுக. கம்பிகளில் கைவைக்கும் முன் பாட்டரியின் எர்த்து இணைப்பைக் கழற்றுக. சோதனைக்கு வேண்டும்போது மட்டுமே மீண்டும் இணைத்திடுக. பெட்ரோல் தொட்டியின் அருகே பொறி எழ விடலாகாது. எரிந்த ஃப்யூசுக்கு மாற்றாகத் தடித்த கம்பியைச் செருகுதல் கொடிய பிழை. ஃப்யூஸ் எரியாது, வண்டியே எரியும்.

‘எய்தவன் இருக்க அம்பை நோவானேன்?’ என்பது பழமொழி. அச்சுறுத்திய முள்ளை அவர் வெறுத்தார். ஆறுதல் கூறிய முள்ளை நம்பினார். இரண்டும் ஒரே காரணத்தால் பொய்த்தவை. விரும்பாத செய்தியை ஐயுறுதல் எளிது. விரும்பிய செய்தியையும் ஐயுற்று ஆராய்வதே அறிவியல் நோக்காகும்.

பயிற்சி

1. மோட்டார் வண்டியில் ‘எர்த்து’ என்பது யாது?
2. கடற்காற்று மின் இணைப்புகளைக் கெடுப்பது எங்ஙனம்?
3. பழுது பார்ப்பவர் கேட்ட வினா ஒன்றே காரணத்தை எவ்வாறு காட்டிற்று? விளக்குக.