கடலுக்கடியில் ஒரு தேசிய பூங்கா: புறாத்தீவில் கண்டதும் கற்றதும்

தேசிய பூங்கா என்றதும் யாலவும் வில்பத்துவும்தான் நம் நினைவுக்கு வரும். காடு, யானை, சிறுத்தை, ஜீப் வண்டி. திருகோணமலை மாவட்டத்திலும் ஒரு தேசிய பூங்கா இருக்கிறது. அதைப் பார்க்க ஜீப் உதவாது. படகில் போய், முகத்தை நீருக்குள் அமிழ்த்த வேண்டும். நிலாவெளிக் கரையிலிருந்து சுமார் ஒரு கிலோமீற்றர் தூரத்தில் இருக்கும் புறாத்தீவுதான் அது. எங்கள் பக்கத்தில் புறாமலை என்றும் சொல்வார்கள்.

எங்கள் ஊர் கிண்ணியா. அங்கிருந்து நிலாவெளிக்குச் சுமார் 35 கிலோமீற்றர்தான். ஆனாலும் உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் எனக்கு முருகைக்கல்லைப் பற்றித் தெரிந்ததெல்லாம் பாடப்புத்தகப் படங்கள் மட்டுமே. கடந்த விடுமுறையில் வாப்பா ஒரு வேன் பிடித்து, உம்மா, உம்மம்மா, நானா, தம்பி, நான் என எல்லோரையும் அங்கு கூட்டிச் சென்றார். அன்று கண்டவற்றையும், பிறகு தேடிப் படித்தவற்றையும் சேர்த்து இக்கட்டுரையை எழுதுகிறேன்.

தீவும் பூங்காவும்

புறாத்தீவு உண்மையில் இரண்டு தீவுகள். பெரியது ஏறக்குறைய 200 மீற்றர் நீளமும் 100 மீற்றர் அகலமும் கொண்டது. அதன் உச்சி கடல் மட்டத்திலிருந்து சுமார் 45 மீற்றர் உயரம். அதற்கு அருகே பாறைகளாலான சிறிய தீவு உள்ளது. இங்குள்ள பாறை இடுக்குகளில் மாடப்புறாக்கள் கூடு கட்டுவதாலேயே இந்தப் பெயர் வந்தது. உலகெங்கும் மக்கள் வீடுகளில் வளர்க்கும் புறாக்களுக்கு மூதாதை இந்த இனம்தான். ஆங்கிலேயர் காலத்தில் இத்தீவு துப்பாக்கிச் சுடும் பயிற்சிக்கான இலக்காக இருந்ததாம். பின்னர் 1963 இல் சரணாலயமாகவும், 2003 இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்டது. வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம் இதைப் பராமரிக்கிறது.

பூங்காவின் மொத்தப் பரப்பு சுமார் 471 ஹெக்டேயர். பெரிய தீவின் நீள அகலத்தைப் பெருக்கிப் பார்த்தால் இரண்டு ஹெக்டேயர் அளவே வருகிறது. சிறிய தீவையும் சேர்த்தால்கூட நூற்றில் ஒரு பங்கு தேறாது. நாம் கால் வைத்து நிற்கும் தீவு பூங்காவின் வாசற்படி மாத்திரமே. பூங்கா முழுவதும் நீருக்குள் இருக்கிறது. அங்கு ஏறத்தாழ 100 இன முருகைக்கற்களும் 300 இன மீன்களும் காணப்படுகின்றன. கடலாமைகளும், கரையோர ஆழமற்ற நீரில் கருமுனைச் சுறாக்களும் வருகின்றன.

எங்கள் வீட்டுப் பெண்களுக்குக் கடற்பயணம் என்றால், பாய் விரித்துச் சோற்றுச் சட்டிகளைக் காத்துக்கொண்டு, ஆண்கள் குளித்துவிட்டு வரும்வரை கரையில் இருப்பது என்றுதான் பொருள். அன்றும் நானா மட்டுமே நீருக்குள் இறங்குவது என்றிருந்தது. அப்போது உம்மாதான் சொன்னார்: “நானா பாத்துட்டு வந்து சொல்றத நீ ஏன் கேட்டு எழுதணும்? உன்ட பாடம் தானே. நீயே போய்ப் பாரு.” முழங்கை மறைத்த நீச்சலுடையும், உயிர்காப்பு அங்கியும், வாடகைக்கு எடுத்த முகக்கண்ணாடியும் அணிந்துகொண்டு வாப்பாவின் கையைப் பிடித்தபடி இறங்கினேன்.

கல்லா, உயிரா?

தீவின் ஒரு பக்கக் கரையில் மணலை விட வெள்ளைக் கற்களே அதிகம். விரல் போன்றவை, எலும்பு போன்றவை, மூளை போல் வரியோடியவை எனப் பல வடிவங்கள். உம்மம்மா ஒன்றைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது சுண்ணாம்புக் கல்லு தானே மகள். அந்தக் காலத்துல சூளையில போட்டு எரிப்பாங்க” என்றார். அவர் சொன்னது சரியான இரசாயனம். முருகைக்கல் கல்சியம் காபனேற்றினால் ஆனது. அதைச் சூளையில் எரித்தால் காபனீரொட்சைட்டு வெளியேறிக் கல்சியம் ஒட்சைட்டு மிஞ்சும். நீர் சேர்த்தால் அது கல்சியம் ஐதரொட்சைட்டு ஆகும். அதுவே வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு, சுவருக்குப் பூசும் சுண்ணாம்பு. இதற்காக நம் நாட்டுக் கரைகளில் நெடுங்காலம் முருகைக்கல் அகழப்பட்டது. கரையோர வலயத்தில் அதை அகழ்வது 1988 ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தின் மூலம் தடைசெய்யப்பட்டது.

ஆனால் கரையில் கிடப்பது இறந்ததன் எலும்பு. உயிருள்ளது நீருக்குள் இருக்கிறது. முருகைக்கல்லை உண்டாக்குவது பொலிப்பு என்ற மிகச் சிறிய விலங்கு. கடற்சாமந்தியைப் போல இதுவும் நிடாரியாக் கணத்தைச் சேர்ந்தது. மென்மையான உடல், நடுவே ஒரு வாய், அதைச் சுற்றிப் பரிசக்கொம்புகள். தன் அடியில் சுண்ணாம்பைச் சுரந்து கிண்ணம் போல ஒரு வீடு கட்டும். ஆயிரக்கணக்கான பொலிப்புகள் அருகருகே கட்டிய வீடுகளே நாம் காணும் ஒரு முருகைக்கல். சூரா அர்ரஹ்மானில் முத்துடன் சேர்த்துச் சொல்லப்படும் பவளத்தை நாம் அறிவோம். நகைகளில் பதிக்கும் சிவப்புப் பவளமும் இதன் உறவினம்தான். ஆனால் அது பாறைத்தொடர்களைக் கட்டுவதில்லை.

நிறம் எங்கிருந்து வருகிறது?

நீருக்குள் முகத்தை வைத்ததும் நான் முதலில் கண்டது நிறம். பழுப்பு, பச்சை, வெளிர் ஊதா. மான்கொம்பு போன்ற கிளைகளின் இடையே மஞ்சள் மீன்கள் நுழைந்து நுழைந்து வந்தன. இந்த நிறங்களில் பெரும்பகுதி பொலிப்பின் இழையங்களுக்குள் வாழும் நுண்ணிய அல்காக்களால் வருவது. அல்கா ஒளித்தொகுப்புச் செய்து, தான் ஆக்கும் உணவின் பெரும்பங்கைப் பொலிப்புக்குக் கொடுக்கிறது. பொலிப்பு தங்க இடமும், காபனீரொட்சைட்டும், கனியுப்புகளும் கொடுக்கிறது. ஒன்றியவாழ்வுக்கு நாம் மனனம் செய்யும் உதாரணங்களுள் இதைவிட அழகானது இல்லை.

இதனால்தான் முருகைக்கல்லுக்குத் தெளிந்த நீர் வேண்டும். மகாவலி வந்து கலக்கும் கொட்டியாரக் குடாவின் ஓரத்தில் வாழும் எங்களுக்குக் கலங்கல் நீர் பழக்கமானது. கலங்கல் நீரில் வெளிச்சம் இறங்காது. வெளிச்சம் இல்லையேல் அல்காவுக்கு உணவாக்க முடியாது. அதனால் பொலிப்பும் பசியால் மெலியும்.

இரு வகைத் தீங்கு

முதலாவது தூரத்திலிருந்து வருவது. கடல்நீர் வழமையான கோடைகால உச்சத்தை விட 1 பாகை செல்சியஸ் கூடிச் சில வாரங்கள் நீடித்தாலே பொலிப்பு தன் அல்காக்களை வெளியேற்றிவிடும். நிறம் போய் வெள்ளையாகும். இதையே வெளிறல் என்கிறோம். வெப்பம் விரைவில் தணிந்தால் மீளலாம். தணியாவிட்டால் இறந்துவிடும். 1998 இல் இந்து சமுத்திரம் சூடானபோது ஹிக்கடுவை உட்பட நாட்டின் பல இடங்களில் முருகைக்கற்கள் பெருமளவில் அழிந்தன. திருகோணமலைப் பகுதி அன்று பெரும்பாலும் தப்பியது. ஆனால் பூமி சூடாகும்போது அப்படித் தப்பும் வாய்ப்பு ஒவ்வொரு தடவையும் குறைகிறது.

இரண்டாவது தீங்கு நம் காலடியில் இருக்கிறது. சில இடங்களில் நீர் இடுப்பளவுகூட இல்லை. எங்களுக்கு அருகில் ஒருவர் முகக்கண்ணாடியைச் சரிசெய்ய எழுந்து நின்றார். நின்ற இடம் கிளை முருகைக்கல். நீருக்குள் முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. முறிந்த துண்டு என் கை நீளம் இருக்கும். வேகமாக வளரும் கிளை இனங்கள்கூட ஆண்டுக்குச் சுமார் 10 சென்றிமீற்றரே வளரும். பாறைபோல் திரண்டு வளரும் இனங்கள் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சென்றிமீற்றர்தான். அப்படியானால் ஒரு மீற்றர் உயரமான முருகைக்கல் உம்மம்மா பிறப்பதற்கு முன்பே வளரத் தொடங்கியிருக்க வேண்டும்.

எங்கள் படகோட்டி இறங்கும்போதே சொல்லியிருந்தார்: “கால ஊனிராதீங்க தங்கச்சி. மிதந்துக்கிட்டே பாருங்க. கல்லு செத்தா மீன் வராது, மீன் வராட்டி ஆள் வராது.” வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் இந்தக் கடல் கொந்தளிக்கும். சித்திரை தொடங்கி ஐப்பசி வரையான அமைதியான மாதங்களில்தான் இவர்களுக்கு உழைப்பு. வருவோர் குறைந்தால் அவர்களின் அடுப்பு அணையும். வருவோர் மிதித்தால் முருகைக்கல் அழியும். ஆகவே “யாரும் போகாதீர்கள்” என்று எழுத என்னால் முடியவில்லை. எப்படிப் போவது என்பதுதான் கேள்வி.

போகும்போது

முதலில், உயிர்காப்பு அங்கி அணிந்து மிதந்தபடியே பாருங்கள். களைத்தால் மணற்பாங்கான இடத்துக்கு நீந்தி வந்து நில்லுங்கள். நீந்தத் தெரியாதவர்கள் தெரிந்தவரின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, கரையில் கிடக்கும் இறந்த கல்லையும் எடுக்காதீர்கள். பூங்காவிலிருந்து எதையும் கொண்டுசெல்வது சட்டப்படி குற்றம். தம்பி ஒன்றைச் சட்டைப்பையில் போட்டபோது உம்மம்மாவே எடுத்துத் திரும்ப வைத்தார். அந்தத் துண்டுகள்தான் அலையின் வேகத்தைத் தணிக்கின்றன, தேய்ந்து மணலாகின்றன.

மூன்றாவது, வெயிலுக்குப் பூசும் சில கிறீம்களில் முருகைக்கல்லுக்குக் கேடான இரசாயனங்கள் உள்ளன. அவற்றுள் இரண்டைக் கொண்ட கிறீம்களை விற்க ஹவாய் மாநிலம் 2021 முதல் தடை விதித்துள்ளது. நீண்ட கை உடையும் தலைமூடியும் அணியும் நமக்கு அந்தக் கிறீமின் தேவையே குறைவு.

நான்காவது, சாப்பாட்டையும் பொலித்தீனையும் படகில் ஏற்றாதீர்கள். நாங்கள் ளுஹர் தொழுகைக்குப் பின் நிலாவெளி மரநிழலில்தான் சாப்பிட்டோம். ஒரு பருக்கையும் கடலுக்குப் போகவில்லை.

உலகக் கடலடியில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான இடத்தையே முருகைக்கற்பாறைகள் பிடித்திருக்கின்றன. ஆனால் கடல்வாழ் இனங்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்று அவற்றை நம்பி வாழ்கிறது. கடல் சூடாவதை நம் ஒரு குடும்பத்தால் நிறுத்த முடியாது. ஆனால் மிதிபடாத முருகைக்கல்லுக்கே வெப்பத்திலிருந்து மீளும் பலம் அதிகம். அந்தப் பலத்தைக் காப்பது நம் கையில், இன்னும் சரியாகச் சொன்னால் நம் காலில் இருக்கிறது. தோழியரே, அடுத்த விடுமுறையில் உங்கள் வீட்டாரும் அங்கு போகலாம். அப்போது கரையில் மட்டும் அமர்ந்துவிடாதீர்கள். இறங்கிப் பாருங்கள், மிதந்து பாருங்கள்.