தில்லை: மரமும் பெயரும்

தில்லை என்றவுடன் தமிழர் நெஞ்சில் தோன்றுவது சிதம்பரம் நகரமும் அங்குள்ள கூத்தப்பெருமான் கோவிலுமே. தில்லைநாயகம், தில்லைநாதன், தில்லையம்பலம் என மக்கட்பெயர்களிலும் அச்சொல் வாழ்கிறது. கடலுக்கு நெடுந்தொலைவில் உள்ள திருச்சிராப்பள்ளியிலும் ஒரு தில்லைநகர் உண்டு. இப்பெயர்களுக்கெல்லாம் வேராக நிற்பது ஒரு மரம் என்பதை அறிந்தோர் சிலர். அம்மரத்தைக் கண்டோர் அவரினும் சிலர்.

தில்லை, கடலலை ஏறி இறங்கும் கழிமுகங்களில் வளரும் அலையாத்தி வகையைச் சார்ந்தது. ஆமணக்கும் கள்ளியும் அடங்கிய குடும்பத்தில் பிறந்ததாதலின் அதன் இலையைக் கிள்ளினாலும் கிளையை ஒடித்தாலும் வெண்ணிறப் பால் வடியும். அப்பால் தோலில் பட்டால் கொப்புளம் எழும். கண்ணில் பட்டால் பார்வை சில காலம் மங்கும். ஆண் மரமும் பெண் மரமும் தனித்தனியே நிற்கும். ஆண் மரத்தின் பூக்கள் மஞ்சள் நிறக் கதிர்களாகத் தொங்கித் தேனீக்களை ஈர்க்கும். பசுமை மாறா மரங்களுள் வைத்து எண்ணப்படினும், முதிர்ந்த இலைகள் உதிருமுன் செம்மை பெறுவது இதன் சிறப்பியல்பு. பச்சை இலைகளுக்கிடையே ஆங்காங்கே செவ்விலைகள் தோன்றும் அக்காட்சியைக் கொண்டே தொலைவிலிருந்தும் தில்லையை இனங்காணலாம்.

லின்னேயசு 1759-இல் இம்மரத்திற்கு 'எக்சுகோகேரியா அகலோச்சா' என்று பெயரிட்டார். முதற்சொல் 'குருடாக்குதல்' எனப் பொருள்படும் இலத்தீன் வினையடியாகப் பிறந்தது. இரண்டாவது சொல் அகிற்கட்டையைக் குறிப்பது. உண்மையான அகிலோ வேறொரு குடும்பத்து மரம். அயல்மொழிப் பெயர் ஒரு மரத்தின் தீமையைச் சரியாகக் குறித்து, மணத்தில் மட்டும் வழிதவறியது வியப்பிற்குரியதே. வங்காளத்துச் சுந்தரவனப் பகுதியில் இதனைக் 'கெவா' என்பர். எடை குறைந்த வெண்மையான இதன் மரம் அங்குத் தீக்குச்சிக்கும் செய்தித்தாளுக்கும் பயன்பட்டது.

சங்கப் புலவர்கள் இம்மரத்தை நன்கு அறிந்திருந்தனர். நற்றிணையின் 195-ஆம் பாடலில், கழியில் கொழுத்த மீனைத் தின்ற இளைய நீர்நாய் தில்லைப் புதரில் சென்று உறங்குகிறது. கிளையை ஒடித்து நுழைய மனிதர் தயங்கும் இடம் நீர்நாய்க்கு ஏற்ற பள்ளியாவது இயல்பே. ஐங்குறுநூற்றின் நெய்தற் பகுதியில் ஒரு தலைவி, தில்லையையே வேலியாக உடைய ஊரில் வாழ்கிறாள். அலர் எழாதிருந்தால் தலைவனின் நட்பு நன்று என்கிறாள். கண்ணைக் கெடுக்கும் மரம் சுற்றிலும் நின்று ஊரைக் காக்கிறது. எனினும் ஊரார் வாயிலிருந்து எழும் பழிச்சொல்லை அவ்வேலியால் தடுக்க இயலவில்லை. மரத்தின் இயல்பை அறியாதவருக்கு இங்கு 'வேலி' என்பது வெறும் எல்லையாகவே தோன்றும்.

புறநானூற்றின் 252-ஆம் பாடலில் இவ்வேறுபாடு இன்னும் தெளிவாகப் புலப்படும். முன்னாளில் மகளிர் நெஞ்சைக் கவர்ந்த ஒருவன் இன்று துறவியாகி இலை கொய்து திரிகிறான். அருவியில் பன்னாள் நீராடியதால் நிறம் மாறிய அவனது சடைக்குத் தில்லை உவமையாகிறது. இலை என்றோ தளிர் என்றோ புலவர் சொல்லவில்லை. மரத்தின் பெயரை மட்டும் சொல்கிறார். உரை கண்டோர் அதனைத் தளிர் எனக் கொள்வர். முதற்பொருளாகிய மரத்தின் பெயர் அதன் சினையாகிய தளிருக்கு ஆகி வந்தமையால் இது முதலாகுபெயர். குறிஞ்சிப்பாட்டின் மலர் வரிசையில் இடம்பெறும் தில்லையும் இவ்வாறே மரத்தின் பெயர் பூவுக்கு ஆகி வந்ததாகும். கேட்போர் அம்மரத்தைக் கண்டிருப்பர் என்னும் நம்பிக்கையே புலவரை இவ்வளவு சுருங்கச் சொல்ல வைத்தது. இன்று அந்நம்பிக்கைக்கு இடமில்லை. 'தில்லை போன்ற சடை' என்பதைப் படிக்கும் மாணவர் கோவில் நகரத்தை எண்ணி மயங்கக்கூடும்.

சிதம்பரம், கொள்ளிடத்திற்கும் வெள்ளாற்றிற்கும் இடைப்பட்ட தாழ்நிலத்தில் அமைந்துள்ளது. தில்லை மரங்கள் அடர்ந்த வனமாக இருந்தமையால் அவ்விடம் அப்பெயர் பெற்றது என்பது வழிவழி வரும் கருத்து. நகருக்குப் பெரும்பற்றப்புலியூர் என்னும் பெயரும் உண்டு. எனினும் பக்தி இலக்கியத்தில் தில்லை என்னும் பெயரே பெருவழக்காயிற்று. அங்குள்ள கோவிலின் தலமரமும் தில்லையே. ஊரின் எல்லையில் கோவில் கொண்டுள்ள காளியும் தில்லைக்காளி எனப்படுகிறாள். மரத்தின் பெயர் அது நின்ற இடத்திற்கு ஆகி, பின்னர் அவ்விடத்து இறைவனின் பெயரோடு இணைந்து, இறுதியில் மக்கட்பெயராகவும் வழங்கலாயிற்று. தில்லையம்பலம் என்று பெயர் சூட்டும் பெற்றோர் மரத்தை நினைப்பதில்லை. பெயரின் பயணம் மரத்தை விட்டு அவ்வளவு தொலைவு வந்துவிட்டது.

நகரில் இன்று தில்லைக் காடு இல்லை. ஏறத்தாழ 15 கி.மீ. கிழக்கே உள்ள பிச்சாவரத்தில் சுரபுன்னைக்கும் வெண்கண்டலுக்கும் இடையே அம்மரம் நிற்கிறது. தெற்கே முத்துப்பேட்டையின் அலையாத்திக் காட்டிலும் அதனைக் காணலாம். அதனருகே உள்ள ஓர் ஊரின் பெயர் தில்லைவிளாகம்.