75% தள்ளுபடி: வாங்கலாமா, வேண்டாமா?
எட்டாம் வகுப்பு – வாழ்வியல் கணிதம்

எட்டாம் வகுப்புக் கணிதப் பாடநூலின் 'வாழ்வியல் கணிதம்' இயலில் தள்ளுபடி பற்றிய பகுதி இருக்கிறது. குறித்த விலை, தள்ளுபடி, விற்பனை விலை ஆகிய மூன்றில் இரண்டைக் கொடுத்தால் மூன்றாவதைக் கண்டுபிடிக்க மாணவர்கள் விரைவில் கற்றுக்கொள்கிறார்கள். கடையில் அந்தக் கணக்கைக் கடைக்காரரே போட்டு அட்டையில் எழுதிவிடுகிறார். வாங்குபவர் விடை காண வேண்டியது வேறொரு வினாவுக்கு: 'இந்த விலைக்கு இது எனக்குத் தேவையா?' இந்த வினாவுக்கும் கணக்கு உண்டு. அதைக் கற்பிக்க நான் எடுத்துக்கொண்ட பொருள் கணினி விளையாட்டு.

ஏன் கணினி விளையாட்டு?

மாணவர்கள் ஆர்வத்தோடு பேசும் பொருள் இது. மேலும், இதில் தள்ளுபடி மிகப் பெரிதாக இருக்கும். அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் 2003இல் தொடங்கிய 'ஸ்டீம்' என்னும் இணையக் கடையில் 2015 முதல் இந்திய ரூபாயிலேயே விலை காட்டப்படுகிறது. ஆண்டுக்குப் பலமுறை அங்கே பெரிய தள்ளுபடி விற்பனை நடக்கும். 50%, 75%, சிலவற்றுக்கு 90% வரைகூடக் குறைப்பார்கள்.

துணிக்கடையில் புதுச் சட்டையை 90% தள்ளுபடியில் விற்றால் துணிக்கும் தையலுக்கும் ஆன செலவே தேறாது. விளையாட்டை உருவாக்கத்தான் பெருஞ்செலவு. உருவான பிறகு இன்னொரு படியை விற்க ஏறக்குறைய செலவே இல்லை. ஆகவே பெரிய தள்ளுபடி தந்தாலும் விற்பவருக்கு இழப்பில்லை. தள்ளுபடியின் அளவை வைத்து அந்த விளையாட்டின் தகுதியை முடிவு செய்ய முடியாது என்பதை மாணவர்கள் இந்த ஒப்பீட்டிலேயே புரிந்துகொண்டார்கள்.

செயல்பாடு 1: நான்கு அட்டைகள்

எந்த விளையாட்டுக்கும் விளம்பரம் ஆகிவிடக் கூடாது என்பதால் கற்பனை விலைகளுடன் அட்டைகள் தயாரித்துக் குழுக்களுக்குக் கொடுத்தேன்.

அ: குறித்த விலை ரூ.2,000. தள்ளுபடி 75%. ஆடி முடிக்க 50 மணி நேரம்.
ஆ: குறித்த விலை ரூ.600. தள்ளுபடி 50%. ஆடி முடிக்க 8 மணி நேரம்.
இ: ஐந்து விளையாட்டுகள் அடங்கிய தொகுப்பு. குறித்த விலை ரூ.1,500. தள்ளுபடி 70%. அவற்றுள் ஒன்றை மட்டும் தனியே வாங்கினால் ரூ.180.
ஈ: இலவசம். ஆட்டத்திற்குள் விற்கப்படும் பொருள் ஒன்று ரூ.80.

விற்பனை விலைகள் 500, 300, 450, 0 என எல்லாக் குழுக்களும் சரியாகச் சொல்லின. 'எது சிறந்தது?' என்று கேட்டதும் பெரும்பாலோர் 'அ' என்றனர். "1,500 ரூபாய் மிச்சம் சார்" என்றான் ஒரு மாணவன். "வாங்காம விட்டா 500 ரூபாய் மிச்சம்" என்றாள் பின்வரிசை மாணவி. "அது எங்கம்மாவுக்கு ஒன்றரை நாள் கூலி" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

அன்றைய பாடத்தின் மையமே அந்தப் பதில்தான். 1,500 ரூபாய் என்பது கையிலிருந்த பணம் இல்லை. அட்டையில் இருந்த எண். கையை விட்டுப் போவது 500 ரூபாய். இங்கே ஓர் எச்சரிக்கை: எந்த மாணவரிடமும் வீட்டு வருமானத்தைக் கேட்க வேண்டாம். 'ஒரு நாள் கூலி 400 ரூபாய் என்க' என்று கரும்பலகையில் எழுதி, ஒவ்வொரு அட்டையும் எத்தனை நாள் உழைப்பு என்று கணக்கிடச் சொன்னால் போதும்.

செயல்பாடு 2: உண்மையில் எவ்வளவு ஆடுவோம்?

வாரத்திற்கு 2 மணி நேரம், 12 வாரம் எனக் கொண்டால் கிடைப்பது 24 மணி நேரம். 'அ' விளையாட்டை 50 மணி நேரமும் ஆடினால் மணிக்கு ரூ.10. ஐந்து மணி நேரத்தில் அலுத்துப்போனால் மணிக்கு ரூ.100. எட்டு மணி நேரமும் விருப்பத்தோடு ஆடினால் 'ஆ'வுக்கு மணிக்கு ரூ.37.50தான். வரிசை தலைகீழாகிவிடுகிறது.

தொகுப்பில் ஒன்று ரூ.90 என்பது ஐந்தையும் ஆடினால் மட்டுமே. வேண்டியது ஒன்றுதான் என்றால் 180க்குப் பதிலாக 450 கொடுக்கிறோம், ரூ.270 கூடுதல். இலவசமான 'ஈ'யில் வாரம் ஒரு பொருள் வாங்கினால் 12 வாரத்தில் ரூ.960. நான்கிலும் விலை மிகுந்தது அதுதான்!

மணிக்கணக்கை மட்டுமே அளவுகோலாக்குவதும் சரியில்லை. 2007இல் வெளிவந்த 'போர்ட்டல்' சில மணி நேரத்தில் முடிந்துவிடும் புதிர் விளையாட்டு. இன்றும் பலர் அதைப் பாராட்டுகிறார்கள். நீளமான விளையாட்டுகளில் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைப்பவையும் உண்டு. நல்ல சிறுகதைக்குப் பக்கக் கணக்குப் பார்க்கிறோமா என்று கேட்டேன், புரிந்துகொண்டார்கள்.

செயல்பாடு 3: அட்டையில் இல்லாதவை

'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' விளையாட்டுக்குக் கணினியில் 150 ஜிபி இடம் வேண்டும். நாளுக்கு 1.5 ஜிபி தரும் கைப்பேசித் திட்டத்தில் அதைப் பதிவிறக்க, 150 ÷ 1.5 = 100 நாள். அதற்கேற்ற கிராபிக்ஸ் வசதியும் கணினியில் இருக்க வேண்டும். அக்கா, அண்ணன் பெற்ற அரசு மடிக்கணினி வீட்டில் இருந்தால், அதன் நினைவகத்தையும் விளையாட்டுக்குத் தேவையானதையும் ஒப்பிடச் சொல்லலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஐரோப்பிய வயதுத் தரப்படி அது 18 வயதுக்கு மேற்பட்டோருக்கானது. 90% தள்ளுபடியில் கிடைத்தாலும் எட்டாம் வகுப்புக்கு அதில் பயனில்லை.

பழைய விலையையும் பார்க்க வேண்டும். சென்ற விற்பனையிலும் ரூ.500 என்றால் இன்று புதிதாக எதுவும் குறையவில்லை. அடுத்த விற்பனை வரை காத்திருக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, விலைக்குறைப்பை அறிவிக்கும் கடை முந்தைய 30 நாளின் மிகக் குறைந்த விலையைக் காட்ட வேண்டும். தொடர் தள்ளுபடியையும் இங்கேயே சேர்த்துக்கொள்ளலாம்: 1,000 ரூபாயில் 50%, பிறகு 20% குறைத்தால் 400. மொத்தத் தள்ளுபடி 60%. 70% என்று கூட்டிவிடக் கூடாது.

செயல்பாடு 4: வாங்கிய பின்

ஸ்டீமில் பொதுவாக, வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்திற்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். இரண்டு நிபந்தனையும் பொருந்த வேண்டும். 10 நாள், 3 மணி. 20 நாள், 1 மணி. 13 நாள், 1½ மணி: இவற்றில் எது பொருந்தும் எனக் கேட்டேன். 'மற்றும்' என்ற சொல்லின் கணிதப் பொருளுக்கு நல்ல பயிற்சி இது.

கேரம் பலகை வாங்கினால் தங்கை ஆடலாம், பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம். இணையக் கடையில் பெறுவது பெரும்பாலும் பயன்படுத்தும் உரிமம் மட்டுமே. 'தி க்ரூ' என்ற கார்ப் பந்தய விளையாட்டின் சேவையகங்கள் 2024 மார்ச்சில் நிறுத்தப்பட்டதும், பணம் கொடுத்து வாங்கியவர்களும் அதை ஆட முடியாமல் போயிற்று. இதே வகையில் 'சூப்பர்டக்ஸ்கார்ட்' போன்ற கட்டற்ற மென்பொருள் விளையாட்டுகள் செலவின்றிக் கிடைக்கின்றன என்பதையும் சொன்னேன். பெற்றோர் அறியாமல் அவர்களது கைப்பேசியில் பணம் செலுத்தக் கூடாது என்பதையும் மறக்காமல் சொல்லிவிட வேண்டும்.

மதிப்பீடு

ஒவ்வொரு குழுவும் ஐந்து வினாக்களுக்கு விடை எழுதியது.

1. கையை விட்டுப் போகும் தொகை எவ்வளவு? அது எத்தனை நாள் கூலி?
2. மூன்று மாதத்தில் எத்தனை மணி நேரம் ஆடுவோம்?
3. நம் கணினிக்கும் இணைய இணைப்புக்கும் வயதுக்கும் பொருந்துமா?
4. இதே விலை மீண்டும் வருமா?
5. தள்ளுபடியே இல்லாமல் முதலிலிருந்தே இந்த விலை என்றால் வாங்குவோமா?

ஐந்தாவது வினாவில்தான் விவாதம் நீண்டது. 'அ'வைத் தேர்ந்தெடுத்திருந்த ஒரு குழு முடிவை மாற்றிக்கொண்டது. இன்னொரு குழு, இருவர் சேர்ந்து ஆடலாம் என்று காரணம் காட்டி 'ஆ'வை வாங்கலாம் என்றது. இரண்டுக்கும் முழு மதிப்பெண் அளித்தேன். 'வேண்டாம்' என்று சொல்லவைப்பது பாடத்தின் நோக்கமாகிவிடக் கூடாது. எந்த முடிவாக இருந்தாலும் அதற்கான கணக்கும் காரணமும் தாளில் இருக்கின்றனவா என்பதையே பார்க்க வேண்டும்.

வீட்டில் கணினி இல்லாத மாணவர்கள் மிகுதியாக உள்ள வகுப்பில் இதே ஐந்து வினாக்களைத் தீபாவளித் துணிக்கும் மிதிவண்டிக்கும் பொருத்தலாம். மூன்றாவது வினாவை மட்டும் பொருளுக்கேற்ப மாற்றிக்கொண்டால் போதும். இரண்டு பாடவேளைகளில் முடிக்கலாம்.