மலிவு விலையில் வாயகன்ற லென்ஸ்: வாங்குமுன் சரக்குப் பார்க்கும் முறை

பருப்பும் புளியும் மொத்த வியாபாரம் செய்யும் நாம் காமிரா லென்ஸைப் பற்றி எழுதுவது விந்தையாகத் தோன்றலாம். நம் கடைப் பிள்ளைகள் பலர் இன்று கல்யாணப் படம் எடுக்கும் தொழிலுக்குப் போகிறார்கள். அதற்கு முதல் போடுவது நம் கல்லாப்பெட்டிதான். ஆகவே இந்தச் சரக்கையும் பார்த்து வாங்கத் தெரிந்துகொள்வது நல்லது.

நாம் இதை நட்டப்பட்டுக் கற்றோம். தம்பி மகனுக்கு ஒரு கடையில் பழைய லென்ஸ் வாங்கிக் கொடுத்தோம். முகப்புக் கண்ணாடி பளபளவென்று இருந்தது, அதற்குமேல் பார்க்கவில்லை. உறவினர் வீட்டுக் கல்யாணத்தில் எடுத்த குழுப் படங்கள் எல்லாவற்றிலும் வலப்புறம் நின்றவர்கள் கலங்கிப் போனார்கள். அங்கே நின்றவர் பெண்ணின் பாட்டி. அடுத்த தைப் பொங்கலுக்கு அந்த அம்மாள் இல்லை. லென்ஸ் விலையை மறந்துவிட்டோம். அந்தப் படங்களை மறக்க முடியவில்லை.

எண் சொல்வது என்ன?

லென்ஸின் மேல் 50 மி.மீ., 1.8 என்று எழுதியிருக்கும். 50-ஐ 1.8-ஆல் வகுத்தால் சுமார் 28. வெளிச்சம் நுழையும் வாயின் அகலம் அத்தனை மில்லிமீட்டர். இந்த எண் குறையக் குறைய வாய் அகலும். காமிராவோடு வரும் சாதாரண ஜூம் லென்ஸ் 55 மி.மீ.யில் பெரும்பாலும் 5.6 வரைதான் திறக்கும். 1.8 லென்ஸ் அதைவிட ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம் தரும். மங்கலான மண்டபத்தில் இதுவே உதவி. கையால் திருகிக் குவியம் வைக்கும் லென்ஸில் மோட்டார் இல்லாததால் விலையும் குறைவு. ஹீலியோஸ், டக்குமர் போன்ற பழையவையும், மெய்கே, செவன் ஆர்ட்டிசன்ஸ் போன்ற சீனத் தயாரிப்புகளும் இவ்வகையில் கிடைக்கின்றன.

கடையில் செய்ய வேண்டிய சோதனை

1. பொருத்தம்: உங்கள் காமிராவின் வாய்க்குப் பொருந்துமா என்று முதலில் கேளுங்கள். பழைய திருகு லென்ஸுக்கு இடையில் ஒரு வளையம் வேண்டும். அந்த விலையையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். கண்ணாடி இல்லாத வெறும் வளையத்தோடு நிக்கானின் பழைய வகைக் காமிராவில் மாட்டினால் தூரத்துப் பொருள் தெளியாது.

2. கண்ணாடி: வாயை முழுதும் திறந்து, பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போன்ற இழை தெரிந்தால் அது பூஞ்சை, வாங்க வேண்டாம். பால் போல் படர்ந்திருந்தால் மூட்டம்; அதுவும் வேண்டாம். நாலு தூசிக்கு அஞ்ச வேண்டியதில்லை. முன் கண்ணாடிக் கீறலைவிடப் பின் கண்ணாடிக் கீறல் அதிகம் கெடுக்கும்.

3. இதழ்கள்: உள்ளே வாயைச் சுருக்கும் இதழ்களில் எண்ணெய்ப் பசை இருக்கக் கூடாது. ஒவ்வோர் எண்ணிலும் ஒழுங்காகச் சுருங்கி விரிய வேண்டும்.

4. வளையம்: குவிய வளையம் ஒரே சீராகச் சுழல வேண்டும். ஆட்டமோ நறநறப்போ கூடாது. திருகாணிகளின் தலை சிதைந்திருந்தால் யாரோ முன்பே கழற்றியிருக்கிறார்கள் என்று கொள்க.

சுவர்ச் சோதனை

மூட்டையின் மேல் அரிசியைப் பார்த்து யாரும் விலை பேசுவதில்லை. குத்தூசி போட்டு உள்ளிருந்து எடுத்துப் பார்க்கிறோம். லென்ஸுக்குக் குத்தூசி நான்கு மூலைகள். எழுத்து நிறைந்த தட்டையான சுவர் ஒன்றை நேர் எதிரே நின்று எடுங்கள். நம் உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் கல்வெட்டுச் சுவரைவிடச் சிறந்தது வேறென்ன? தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள இடமாதலால் அனுமதியின்றி முக்காலி வைக்க முடியாது. கையில் பிடித்தே எடுக்க வேண்டும். வாயகன்ற லென்ஸின் அருமையும் அங்கே விளங்கும்.

1.8, 2.8, 5.6 என மூன்று எண்களில் எடுத்து, பெரிதாக்கி நான்கு மூலைகளையும் ஒப்பிடுங்கள். 1.8-இல் மூலைகள் நான்கும் சமமாகச் சற்று மங்கினால் மலிவு லென்ஸுக்கு அது இயல்பு, 5.6-இல் தெளிய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கலங்கினால் காமிராவைத் தலைகீழாகப் பிடித்து மறுபடி எடுங்கள். கலக்கம் சுவரின் மறுபக்கத்துக்கு மாறினால் உள் கண்ணாடி கோணியிருக்கிறது. மாறாமல் அதே பக்கத்தில் நின்றால் நாம் நின்றதுதான் கோணல். இந்த ஒரு சோதனையைச் செய்திருந்தால் அந்தப் பாட்டியின் முகம் நமக்குக் கிடைத்திருக்கும்.

பிள்ளைகளுக்கு ஒரு சொல்: ஒரு மீட்டர் தூரத்தில் 1.8-இல் தெளிவாக விழும் ஆழம் மூன்று, நான்கு சென்டிமீட்டர்தான். கண் தெளிந்தால் காது மங்கும். அது லென்ஸின் குறையல்ல. கை பழகும்வரை, திரும்ப எடுக்க முடியாத தாலி கட்டும் நேரத்தில் இதைத் தனியே நம்ப வேண்டாம்.

பில் இல்லாமல் வாங்காதீர்கள். சோதித்துப் பார்க்கச் சில நாள் தவணையும், குறையிருந்தால் திருப்பிக் கொள்வதாக எழுத்தும் கேளுங்கள். இதைக் கேட்க நாம் கூச வேண்டியதில்லை. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 921-இல் வெட்டிய நம் ஊர்க் கல்வெட்டில் பொன் வாரியமும் உண்டு. பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடவோலையில் இடக்கூடாது என்ற விதியும் உண்டு. நன்றாய்ப் பார்த்து வாங்குவதும் கணக்குக் கேட்பதும் இந்த ஊருக்குப் புதிதல்ல.