இளமையும் கண்ணும்

பள்ளியில் பயிலும் சிறுவன் ஒருவன் நூலை முகத்தருகே வைத்துப் படிக்கிறான். கரும்பலகையில் உள்ளதைப் பிழைபட எழுதுகிறான். அவனை மந்தமதியன் என்று சிலர் எண்ணுவர். குறை அறிவில் அன்று, கண்ணில் உள்ளது. தொடக்கம் முதலே உலகை மங்கலாகக் கண்ட குழந்தை, பிறரும் அவ்வாறே காண்கின்றனர் என்று கருதும். ஆதலின், அது தன் குறையை எடுத்துரைப்பதில்லை.

காட்சியை வாங்குவது கண். அதனை உணர்வது மூளை. மாறுகண், பிறவிக் கண்புரை, ஒரு கண்ணில் மட்டும் மிகுந்த பார்வைக் குறை ஆகியவற்றால் ஒரு கண்ணிலிருந்து தெளிவான உருவம் கிடைக்காதபோது, மூளை அக்கண்ணைப் புறக்கணித்து மற்றதையே நம்புகிறது. நாளடைவில் பயன்படாத கண்ணின் பார்வை குன்றும். இந்நிலையைச் 'சோம்பல் கண்' என்பர்.

இவ்வுண்மையை விளக்கியவர்களுள் டேவிட் ஹியூபல், டார்ஸ்டன் வீசல் என்னும் அறிஞர் இருவர் சிறந்தவர். 1960-களில் அமெரிக்காவின் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் அவர்கள் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணைச் சில வாரங்கள் மூடிவைத்தனர். பின்னர்த் திறந்தபோது கண் பழுதின்றி இருந்தது. ஆயினும், மூளை அணுக்களுள் மிகச் சிலவே அக்கண்ணுக்கு இசைந்தன. வளர்ந்த பூனையின் கண்ணை மூடியபோதோ அத்தகைய கேடு விளையவில்லை. பார்வை நிலைபெறுவதற்கு இளம்பருவம் இன்றியமையாதது என்பது இதனால் தெளிவாயிற்று. 1981-ஆம் ஆண்டில் இருவரும் நோபல் பரிசு பெற்றனர்.

குறையை விரைவில் கண்டறிந்தால் மருத்துவமும் எளிதே. தகுந்த மூக்குக்கண்ணாடி அணிவிப்பர். புரை இருப்பின் அறுவை செய்து நீக்குவர். பின்னர், நல்ல கண்ணை நாள்தோறும் சில மணி நேரம் மறைத்துவைப்பர். அப்பொழுது சோம்பிய கண் உழைக்கத் தொடங்கும். ஏழு வயதிற்குள் இம்முறை பெரிதும் பயன் தரும். வயது ஏற ஏறப் பயன் குறையும்.

ஒரு கண்ணை மறைக்கும்போது வாளாவிருக்கும் குழந்தை, மற்றதை மறைத்தவுடன் அழுது விலக்குமாயின், மறைக்கப்படாத கண்ணில் குறை இருத்தல் கூடும். கண்மணியில் வெண்மை தோன்றினால் ஒரு நாளும் தாழ்த்தலாகாது. மருத்துவரை உடனே நாடுதல் வேண்டும். வெளிக்குறி ஏதும் இல்லாத குழந்தைக்கும் பள்ளியிற் சேர்க்குமுன் கண்களைத் தனித்தனியே சோதிப்பித்தல் நன்று.

விதைக்கும் பருவம் தவறிய நிலம் அடுத்த மழைக்குக் காத்திருக்கலாம். குழந்தையின் கண்ணுக்கோ அப்பருவம் மீண்டும் வருவதில்லை. ஆதலின், இளமையிலேயே அதனைக் காத்தல் பெற்றோர், ஆசிரியர் ஆகிய இருவர்க்கும் உரிய கடமையாகும்.