குசினியில் விறகடுப்பு: வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

நுவரெலியா பங்களாக்களில் குளிர்காயக் கணப்பு கட்டினார்கள். கல்கிசையின் கடற்கரை வெக்கைக்கு அது தேவையில்லை. நமக்கு நெருப்பு வேண்டியது குசினியில்தான். 2022 ஏப்ரலில் 12.5 கிலோ லிற்ரோ காஸ் சிலிண்டர் 4,860 ரூபாய்க்கு ஏறியது. அந்த விலைக்கும் காஸ் கிடைக்காமல் சனம் வரிசையில் நின்றது. பழைய அடுப்புமேடையை இடிக்காமல் வைத்திருந்த வீடுகள் ஓரளவு சமாளித்தன. மற்றவர்கள் அவசரத்தில் மூன்று கல்லைக் கூட்டி, புகைக்குள் இருந்து சமைத்தார்கள். அப்படியொரு நிலை மீண்டும் வருமுன், நல்ல அடுப்பொன்றை ஆறுதலாகத் தெரிவுசெய்ய இந்தக் குறிப்புகள் உதவும்.

1. முதலில் புகைக்கு வழி பாருங்கள். சமையல் புகை முதலிய வீட்டுக் காற்று மாசினால் 2020இல் மட்டும் உலகெங்கும் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. புகைக்கூடோ, காற்று ஊடறுத்துப் போகும் பின்குசினியோ இல்லையென்றால் விறகடுப்பு வேண்டாம். தொடர்மாடி வீடுகளுக்கு அது பொருந்தவே பொருந்தாது.

2. பழைய அடுப்புமேடை இருந்தால் அதற்குள் பதிக்க 'அனகி' மண் அடுப்பு நல்ல தெரிவு. 1980களில் இலங்கையில் உருவான இந்தச் சுடுமண் அடுப்பில் ஒரே வாசலில் விறகு வைத்து இரண்டு பானை ஏற்றலாம். முன்பானையைச் சூடாக்கிய சுவாலை உள்வழியால் பின்பானைக்குப் போகும். சோறு கொதிக்கும்போதே பின்னால் பருப்பு வெந்துவிடும். மூன்று கல் அடுப்பை விட விறகும் குறைவாகவே பிடிக்கும்.

3. வாங்கப் போகும்போது உங்கள் சோற்றுப்பானையையும் கறிச்சட்டியையும் கொண்டு போங்கள். ஏற்றிப் பார்த்தால் தளம்பக் கூடாது. பக்கத்தில் பெரிய இடைவெளி இருந்தால் சூடு வீணாகும். அடுப்பை விரலால் தட்டுங்கள். நன்றாகச் சுட்டது கணீரென்று ஒலிக்கும், வெடிப்பு உள்ளது மந்தமாக ஒலிக்கும்.

4. பதிக்கும்போது சுற்றிவரச் சீமெந்து பூச வேண்டாம்; சூட்டில் வெடித்துவிடும். களிமண்ணோடு உமியும் சாணமும் குழைத்துத் தடிப்பாக அணையுங்கள். நிழலில் நன்றாகக் காயவிட்டு, முதலில் சிறு நெருப்பு மூட்டிப் பழக்குங்கள். மண் அணைத்த அடுப்பில் சூடு உள்ளேயே நிற்கும். அடுப்பும் கனகாலம் உழைக்கும்.

5. புகைக்கூடு கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடி உயர வேண்டும். சுற்றிலும் 10 அடிக்குள் உள்ள எதையும் விட 2 அடியாவது மேலே நிற்க வேண்டும். அண்டை வீட்டு மாடி அருகில் இருந்தால் இதை இன்னும் கவனியுங்கள். இல்லாவிட்டால் புகை அவர்கள் யன்னலுக்குள் போகும், அல்லது உங்கள் குசினிக்கே திரும்பும்.

6. கடலோர உப்புக்காற்றில் தகரக் குழாய் விரைவில் துருப்பிடிக்கும். செங்கல்லில் கட்டுவது நல்லது. உலோகம்தான் வேண்டுமென்றால் 316 தரத் துருப்பிடிக்காத உருக்கைக் கேளுங்கள். மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்று கடல் பக்கமிருந்து அடிக்கும். புகைக்கூட்டு வாய்க்கு மழையும் காற்றும் தடுக்கும் மூடி கட்டாயம்.

7. கூரை அஸ்பெஸ்டஸ் தகடு என்றால் அதை வெட்டித் துளைக்காதீர்கள். அதன் தூசி புற்றுநோய் தரும். கடும் சூட்டில் தகடும் வெடித்துச் சிதறும். குழாயைச் சுவர் வழியாக வெளியே எடுத்து, கூரையிலிருந்து தள்ளி மேலே கொண்டு போங்கள்.

8. காஸ் சிலிண்டரையும் விறகடுப்பையும் ஒரே அறையில் வைக்காதீர்கள். கசியும் காஸ் காற்றை விடப் பாரமானது. தரையோடு பரவி அடுப்பு வாயைத் தேடி வரும்.

9. காய்ந்த விறகையே வாங்குங்கள். றப்பர் விறகு இங்கே தாராளமாகக் கிடைக்கும்; சீமைக்கிளுவையும் தென்னை மட்டையும் நன்றாக எரியும். நுனியில் வெடிப்பு ஓடியிருந்தால், இரண்டு கட்டையைத் தட்டும்போது 'டக்' என்று கேட்டால், அது காய்ந்த விறகு. ஈர விறகு புகையைத்தான் தரும்.

10. மொறட்டுவைத் தளபாடப் பட்டறைகளின் மரத்துண்டு மலிவுதான். ஆனால் பிளைவூட், பெயின்ட் பூசியது, பூச்சி மருந்து ஏற்றியது எல்லாவற்றையும் பொறுக்கி ஒதுக்குங்கள். கடற்கரையில் ஒதுங்கும் கட்டையும் உடைந்த வள்ளத்துப் பலகையும் வேண்டாம். உப்பேறிய மரம் எரிந்தால் நச்சுப்புகை வரும். பொலித்தீன் கொளுத்தி அடுப்பு மூட்டும் பழக்கத்தையும் விடுங்கள்.

11. சிரட்டை, பொச்சுமட்டை அருமையான எரிபொருள். ஆனால் முற்றத்தில் குவித்தால் மழைநீர் தேங்கி டெங்கு நுளம்பு பெருகும். கூரைக்குக் கீழே, நிலத்திலிருந்து உயர்த்தி, சிரட்டையைக் கவிழ்த்து அடுக்குங்கள். கறையானும் அண்டாது.

12. புகைக்கூட்டுக் கரியை அடிக்கடி தட்டி எடுங்கள். படிந்த கரி தீப்பற்றும். சாம்பலை இரும்பு வாளியில் ஆறவிட்டுப் பிறகே கொட்டுங்கள். ஆறிய சாம்பல் பாத்திரம் விளக்கவும் தென்னைக்குப் போடவும் உதவும்.

சொந்த நிலமும் காற்றோட்டமும் உள்ள வீட்டுக்குக் காஸோடு சேர்த்து ஒரு விறகடுப்பும் இருப்பது நல்லது. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: அடுப்புக்குச் செலவழிப்பதை விடப் புகைக்கூட்டுக்குக் கூடச் செலவழியுங்கள். அது சமைப்பவரின் நெஞ்சைக் காக்கும் செலவு.