மணமுறிவுக்குப்பின் முதுமைக்கு வழி

தாம்பரத்தைச் சூழ்ந்த கிராமங்களில் வயல்கள் மனைகளாக மாறி வருவதை நாம் காண்கிறோம். இப்பகுதியில் மணமுறிவு பெற்ற பெண்ணுக்கு ஜீவனாம்சமாக ஒரு மொத்தத் தொகை கிடைத்தால், தரகர்கள் வாயிலில் வந்து நிற்பதற்கு நாளாவதில்லை. முன்னாள் கணவர் அரசு ஊழியராயினும், குடும்ப ஓய்வூதியத்தில் அவளுக்கு உரிமை இராது. ஆகவே, அத்தொகையே அவளுடைய முதுமைக்கு ஆதாரம்.

யோசனை கூற வருபவரிடம் முதலில் கேட்க வேண்டியது ஒன்றே: "தங்களுக்கு ஊதியம் அளிப்பவர் யார்?" காப்பீட்டு முகவரும் மனைத் தரகரும் விற்பனையினால் ஊதியம் பெறுவோர், அவர்கள் சொல்லை நடுநிலையானதெனக் கொள்ளலாகாது. செபியின் 2013-ஆம் ஆண்டு விதிகளின்கீழ்ப் பதிவுபெற்ற முதலீட்டு ஆலோசகரோ, யோசனைக்கான கட்டணத்தை நம்மிடமே பெறுவார். நம் முதலீட்டின்மீது தரகு பெறலாகாது. அவரது பதிவெண் 'ஐ.என்.ஏ.' எனத் தொடங்கும். அதனைச் செபியின் பட்டியலுடன் ஒப்பிட்டுப் பார்த்தல் அவசியம்.

பின்னர்ச் செய்ய வேண்டுவன:

1. வங்கி, காப்பீட்டுக் கணக்குகளில் வாரிசு நியமனத்தை மாற்றுதல். மணமுறிவினால் அது தானே மாறிவிடாது.

2. வயது 18 முதல் 40 வரை உள்ளவராய், வருமான வரி செலுத்தாதவராயின், அடல் ஓய்வூதியத் திட்டத்தில் சேர்தல். 60 வயதுக்குப்பின் மாதம் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை கிடைக்கும்.

3. ஜீவனாம்சம் நின்றுபோனால், சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நாடுதல். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச உதவி உண்டு. தொலைபேசி எண் 15100.

ஊராட்சி உறுப்பினர்கள் இவற்றைக் கிராம சபையில் எடுத்துரைப்பார்களாக. கையெழுத்திடுமுன் கேட்கப்படும் ஒரு கேள்வி, ஒரு குடும்பத்தின் முதுமையைக் காக்கும்.